அத்தான் ஏசியது எத்தனை தடவை

ஜூன் 2, திங்கள்

இந்த நோட்டை இன்று காலை நிரஞ்சனா கொடுத்துவிட்டுப் போனாள். ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் ஆராய்ச்சி செய்கிற பெண். சேலத்துக்காரி, ஒல்லி, காபியில் சீனி வேண்டாம் என்பவள். எங்கள் வீட்டை அளக்க வந்திருக்கிறாள். நீளம் அகலம் இல்லை. வீட்டுக்குள் புழங்குகிற பேச்சு எவ்வளவு சூடாக இருக்கிறது என்று அளக்கிறாளாம்.

"தெர்மாமீட்டரை எங்கம்மா காணும்?" என்று கேட்டேன். சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள். "இன்பராஜ் மாதிரி தேறி வீட்டுக்கு வர்றவங்க, வீட்டுல சூடு அதிகமா இருந்தா சீக்கிரமே ஆஸ்பத்திரிக்குத் திரும்ப வந்துடுறாங்கம்மா. மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டாலும்."

இன்பராஜ் எங்கள் ஒரே மகன். இருபத்தெட்டு வயது. நான்கு வருடமாக அவனுக்கு மனச்சிதைவு. ஆளில்லாத குரல்கள் காதில் கேட்கும். இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு மார்ச்சில் வீட்டுக்கு வந்தான். மூன்றாம் தடவை என்ற பேச்சை இந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

சூடு என்றதும் நான் அத்தானைத்தான் திரும்பிப் பார்த்தேன். அத்தான் என்றால் என் வீட்டுக்காரர் தங்கையா. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். பாளையங்கோட்டையில் எங்கள் தெரு காலையில் எழும்புவது கோழி கூவி அல்ல, இவர் "எலே" என்று கூப்பிடுகிற சத்தத்தில்.

ஒவ்வொருவரும் தனித்தனியாக ஐந்து நிமிடம் இன்பாவைப் பற்றிப் பேச வேண்டும். அவள் குறுக்கே பேச மாட்டாள், ரெக்கார்டர் மட்டும் ஓடும். அத்தான், "நல்ல பய. தாடி எடுக்க மாட்டான். கேரம் நல்லா ஆடுவான். சோம்பேறி" என்று சொல்லிவிட்டு மிச்ச நேரமெல்லாம் இருமினாராம். நான் பேசினேன். அவன் எட்டு மாதத்தில் பிறந்தது, பால் குடிக்கத் தெரியாமல் அழுதது, இரண்டு வயதில் மஞ்சள்காமாலை வந்தது. ஐந்து நிமிடம் மஞ்சள்காமாலை வரைக்கும்தான் வந்தது. பள்ளிக்கூடத்தில்கூடச் சேர்க்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பெண் ஏதோ குறித்துக்கொண்டாள். முழு மார்க்காகத்தான் இருக்கும்.

கடைசியில் ஆளுக்கொரு நோட்டு. "நீங்க இன்பராஜ்கிட்ட பேசினதை தினமும் எழுதுங்கம்மா. உங்க பேச்சை மட்டும்" என்றாள். என் பேச்சில் எழுத என்ன கிடக்கிறது? தொலைபேசி நிலையத்தில் முப்பத்தொரு வருடம் ஆபரேட்டராக இருந்தவள் நான். இந்தச் செல்வபாய் குரலைக் கேட்டால் கோபம் தணிந்துவிடும் என்பார்கள். எழுத வேண்டியது அத்தான் பேச்சைத்தான். தன் முதுகு தனக்குத் தெரியாது, பாவம். அவருக்காக நானே எழுதிவிடுகிறேன்.

அவர் தன் நோட்டின் முதல் பக்கத்தில் சர்ச் சபை வாலிபர் கைப்பந்துப் போட்டிக்கு அணி பிரித்து வைத்திருக்கிறார்.

ஜூன் 3, செவ்வாய்

அத்தான் ஏசியது: 6 தடவை.

தாடிக்கு இரண்டு. ஃபேனை அணைக்காததற்கு ஒன்று. கேரமில் சிவப்புக் காயைத் தப்பவிட்டதற்கு மூன்று, "கண்ணு பொடதியிலயா இருக்கு" என்பது உள்பட. இன்பா பதிலுக்கு, "உங்க கட்டைவிரல் ஆடுது, அதப் பாருங்க மொதல்ல" என்றான். அது மகன் பேச்சு, கணக்கில் சேராது.

நான் ஏசியது: இல்லை. காலையில் இட்லியைப் பிட்டுச் சட்னி தொட்டு ஊட்டினேன். மாத்திரை போட்டதும் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். இதெல்லாம் பேச்சில் வராது.

ஜூன் 5, வியாழன்

இன்பா இன்று ஒரு செய்தி கொண்டுவந்தான். மார்க்கெட் பக்கம் பேக்கரி வைத்திருக்கிற பொன்னுச்சாமி அண்ணாச்சி அவனை வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார். காலை ஐந்து மணியிலிருந்து மதியம் வரைக்கும். திங்கட்கிழமை சேர வேண்டும். இவனே போய்க் கேட்டானாம். நோயைப் பற்றியும் இவனே சொன்னானாம். "அதனால என்ன தம்பி, மாவு பிசையத் தெரிஞ்சா போதும்" என்றாராம்.

"அஞ்சு மணிக்கு எழும்புவியால நீ? ஏழு மணிக்கே உன்ன எழுப்ப ஜேசிபி வேணும்" என்றார் அத்தான். (ஒரு தடவை.) அப்புறம் பீரோவிலிருந்து தன் அலாரம் கடிகாரத்தை எடுத்து அவன் மேஜையில் வைத்தார். கடிகாரம் வைப்பதற்கு நோட்டில் இடமில்லை.

நான் என்ன சொன்னேன்? "ராசா, உனக்கு எதுக்கு இந்தக் கஷ்டம்? அம்மா பென்ஷன் வருது, அப்பா பென்ஷன் வருது. நீ நல்லா இருந்தா போதும்" என்றேன். கொஞ்சம் அழுதேன். அவன் கையிலிருந்த தோசையைத் தட்டிலேயே வைத்துவிட்டான். அத்தான் ஜேசிபி என்று சொன்னதுதான் மனசில் தைத்திருக்கும்.

ஜூன் 7, சனி

புளி வெயிலில் போட்டேன். ஒரு போன் பேசினேன். அத்தான் ஏசியது 4.

ஜூன் 9, திங்கள்

நாலரைக்கெல்லாம் குளித்து, தேய்த்த சட்டை போட்டு நின்றான். தாடியை எடுத்திருந்தான். நான்கு வருடத்துக்கு முந்தின முகம். நான் நிமிர்ந்து பார்க்காமல் டம்ளரில் காபி ஆற்றினேன். அத்தான் தெருமுனை வரைக்கும் கூடப் போனார்.

ஆறு மணிக்கே திரும்பி வந்துவிட்டான். "கொஞ்ச நாள் போகட்டும் தம்பின்னுட்டாரு" என்றான். சட்டையைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தான்.

அத்தான் வாசலில் நின்று பொன்னுச்சாமி அண்ணாச்சியை, அவர் பேக்கரியை, அவர் விற்கிற பன்னை எல்லாம் ஏசித் தீர்த்தார். இதை எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியவில்லை. சத்தம் சத்தம்தானே, இன்பா கணக்கிலேயே எழுதிவிட்டேன். மொத்தம் 11.

மத்தியானம் அவனுக்குப் பிடித்த தேங்காய்ப்பால் சொதி வைத்தேன். சாப்பிடவில்லை.

ஜூன் 12, வியாழன்

மூன்று நாளாக அறையை விட்டு வரவில்லை. ஜன்னல் திரையை இழுத்துவிட்டிருக்கிறான். கேரம் பலகை சுவரில் சாய்ந்து நிற்கிறது. அத்தான் இரண்டு தடவை, "வால, ஒரு போர்டு போடுவோம்" என்றார். அசையவில்லை.

சாப்பாட்டை நானே உள்ளே கொண்டு போய் ஊட்டுகிறேன். "எம்மா, நானே சாப்பிடுதேன்" என்றான். அவன் சொல்வான். நான்கு வருடம் பார்த்தவளுக்குத் தெரியாதா? ஹாலில் படுக்கிற பாயை அவன் அறை வாசலுக்கே நகர்த்திக்கொண்டேன். தாழ்ப்பாளையும் கழற்றச் சொல்லிவிட்டேன், நல்லதுக்குத்தான்.

அத்தான் ஏசியது: 0. ஏசினால்தான் எழுத முடியும்.

ஜூன் 16, திங்கள்

நிரஞ்சனா வந்தாள். இன்பாவிடம் சில கேள்வி கேட்க வேண்டும், தனியாகக் கேட்கட்டுமா என்றாள். "இங்கனயே கேளுங்க" என்றான். நாங்கள் இரண்டு பேரும் எதிரே உட்கார்ந்திருந்தோம்.

"ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க. அப்பா உங்களை எவ்வளவு குறை சொல்றார்?"

"எட்டு" என்றான். அத்தானைப் பார்த்து லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தான். நான் மனசுக்குள், என் நோட்டைப் பார்த்தால் ஒன்பதரை வருமே என்று நினைத்தேன்.

"அதனால உங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருக்கு?"

"ஒண்ணு. அதுவும் கேரத்துல தோத்தா மட்டும்."

"அம்மா எவ்வளவு குறை சொல்றாங்க?"

"ஒண்ணுக்கும் கீழ இருக்கா? அம்மா குறையே சொல்ல மாட்டா." நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டேன்.

"அம்மாவால உங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருக்கு?"

"பத்து" என்றான்.

அவன் கேள்வியைத் தப்பாகப் புரிந்துகொண்டானோ என்று அந்தப் பெண் இன்னொரு தடவை கேட்டாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். "பத்துதான். அப்பா ஏசினா நானும் பதிலுக்கு ஏசுவேன், முடிஞ்சிரும். அம்மா அழுவா. அழுதா நான் என்ன செய்ய?" என்றான்.

காபி ஆறிப்போய்விட்டது என்று டம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

எழுத ஒன்றும் இல்லை.

ஜூன் 18, புதன்

பாசத்துக்கு மார்க் குறைக்கிற பரீட்சையை இந்த ஊரில்தான் பார்க்கிறேன். கண்டபடி ஏசுகிற மனுஷனுக்கு ஒன்று, கண்ணுக்குள் வைத்துப் பார்த்த எனக்குப் பத்து. அத்தானிடம் சொல்லி நியாயம் கேட்டேன். இவர் மீசையைத் தடவிக்கொண்டு, "ஸ்கூல்ல எனக்கு ஃபர்ஸ்ட் மார்க் இதுவரைக்கும் வந்ததே இல்லட்டி" என்றார். எரிகிற நெருப்பில் எண்ணெய். இரண்டு நாளைக்கு இவருக்குச் சீனி போடாத காபிதான்.

ஜூன் 19, வியாழன்

துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இன்பா தனியாக நின்று பேசிக்கொண்டிருந்தான். யாருக்கோ பதில் சொல்கிற மாதிரி, மெதுவாக, தலையை ஆட்டி ஆட்டி. கையிலிருந்த வாளியை நான் எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. குரல்கள் திரும்பிவிட்டன.

டாக்டர் மாத்திரையைக் கூட்டி எழுதினார். இரண்டு வாரம் பார்ப்போம், குறையவில்லை என்றால் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவோம் என்றார். "வீட்டுல சமீபத்துல ஏதாவது ஏமாற்றம், அதிர்ச்சி நடந்ததா?" என்று கேட்டார். "பேக்கரிக்காரன் வேலை தாரேன்னு சொல்லிட்டு இல்லன்னுட்டான் சார்" என்றார் அத்தான்.

நான் மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்தேன்.

ஜூன் 21, சனி

ஏழாம் தேதி பேசிய போனைப் பற்றி எழுதுகிறேன். எழுதாமல் சோறு இறங்கவில்லை.

பொன்னுச்சாமி அண்ணாச்சிக்குத்தான் பேசினேன். என் மகனை வேலைக்கு வைக்காதீர்கள் என்றேன். அவர் ஏன் என்றார். பிள்ளை அலைந்து களைத்துவிடுவான், எனக்குப் பயமாக இருக்கிறது என்று உள்ளதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் சமாதானம் சொல்லியிருப்பார். அதனால், "அவனுக்குத் திடீர்னு வெறி வரும் அண்ணாச்சி. அடுப்புப் பக்கம் விட்டா என்ன செய்வான்னு எனக்கே தெரியாது" என்றேன்.

இன்பா இதுவரைக்கும் ஒரு எறும்பைக்கூட நசுக்கினதில்லை. நோய் முற்றின நாளில்கூட யார் மேலும் கை வைத்ததில்லை. அது எனக்குத் தெரியும். பெற்றவளே சொன்னால் யார் நம்ப மாட்டார்கள்?

அவன் ஐந்து மணிக்கு வேலைக்குப் போய்விட்டால் நான் யாருக்கு இட்லியைப் பிட்டுக் கொடுப்பேன் என்று அன்றைக்கு நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 22, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்ததும் அவனிடம் சொல்லிவிட்டேன். அத்தானையும் பக்கத்தில் இருக்கச் சொன்னேன். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, சொன்னதைச் சொன்னபடியே சொன்னேன்.

இன்பா கேட்டுக்கொண்டே இருந்தான். "வெறின்னா சொன்ன?" என்றான்.

"ஆமாம்ல."

"எம்மா, நாலு வருஷமா என் காதுல கேக்குதுல்லா, அவுக சொல்லுததும் இதான். நீ ஆபத்தானவன், நீ ஒண்ணுக்கும் லாயக்கில்லன்னு. அது நெசமில்ல, நோய்தான்னு டாக்டர் சொன்னாரு. நானும் அப்படித்தான் நெனச்சுட்டு இருந்தேன்." என்றான். "இதுவரைக்கும் அவுக உன் குரல்ல சொன்னதில்ல."

எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அத்தான் என்னை ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை என்று இருந்தது. ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு போய் அந்தக் கதவில் தாழ்ப்பாளைத் திரும்ப மாட்டிக் கொடுத்தார். நான் பாயைச் சுருட்டி எங்கள் அறையில் போட்டேன்.

ஜூன் 23, திங்கள்

பேக்கரிக்கு நேரில் போனேன். கல்லாவில் இருந்த அண்ணாச்சி எழுந்து நின்றார். பொய் சொன்னேன் என்று சொன்னேன். பக்கத்தில் பன் வாங்க நின்றவர்கள் எல்லாம் கேட்டார்கள், கேட்கட்டும்.

"என்னம்மா நீங்க" என்றார் அண்ணாச்சி. நின்றவர்களுக்குப் பன்னைக் கட்டிக் கொடுத்தார். "அந்த இடத்துக்கு ஆள் எடுத்தாச்சே" என்றார் பிறகு. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன். வருகிற வழியில் ஆட்டோ பிடிக்கத் தோன்றவில்லை, வெயிலில் நடந்தே வந்தேன்.

ஜூன் 26, வியாழன்

இன்பா என்னிடம் பேசுவதில்லை. மாத்திரையை அவனே எடுத்துப் போட்டுக்கொள்கிறான். நாக்கைத் தூக்கிக் காட்டு என்று சொல்லப் போனேன், வாயை மூடிக்கொண்டு கத்தரிக்காய் நறுக்கினேன். முப்பத்தொரு வருடம் பேசியே சம்பளம் வாங்கினவளுக்குப் பேசாமல் இருப்பது லேசான வேலை இல்லை.

அத்தான் ஏசியது: 2. கேரம் பலகை கீழே இறங்கியிருக்கிறது.

ஜூலை 1, செவ்வாய்

நான்கைந்து நாளாகக் கல்லுப் பக்கம் தனியாகப் பேசி நான் பார்க்கவில்லை. டாக்டரிடம் போய் வந்தார்கள். என்னைக் கூப்பிடவில்லை. "சேக்க வேண்டாமாம்" என்று அத்தான் செருப்பைக் கழற்றும்போதே சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். "எதுக்குட்டி அழுத, சேக்க வேண்டாம்னுதான சொன்னேன்" என்று என்னை ஒரு தடவை ஏசினார். எனக்கும் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டியதுதான்.

ஜூலை 4, வெள்ளி

இரண்டு நாளாக இன்பா விடிவதற்குள், "நடக்கப் போறேன்" என்று அத்தானிடம் சொல்லிவிட்டுப் போகிறான். மதியம்தான் வருகிறான். ஏழு மணி நேரம் நடந்தால் ஒருவன் தூத்துக்குடிக்கே போய்விடலாம்.

இன்று அவன் பேண்ட்டைத் துவைக்க எடுத்தேன். மடிப்புக்குள் மைதா மாவு.

அத்தானிடம் போய் நின்றேன். இவருக்குப் பொய் சொல்ல வராது, காது சிவந்துவிடும். புதிதாகச் சேர்ந்த ஆள் நின்றுவிட்டானாம். அண்ணாச்சி இன்பாவைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார், இப்போதைக்கு ட்ரே கழுவுகிற வேலை.

"எங்கிட்ட ஏன் அத்தான் சொல்லல?"

"நான் சொல்லலாம்னுதான் இருந்தேன். அவன்தான் வேண்டாம்னான்." கைப்பந்துக்குக் காற்று அடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "சொன்னா நீ போனத் தூக்கிருவேன்னு பயப்படுதாம்ட்டி."

வலித்தது. பொய்யா சொல்லிவிட்டான்? பேண்ட்டை உதறி, மாவு போகத் துவைத்துக் கொடியில் போட்டேன். மதியம் அவன் வந்தபோது எங்கே போனாய் என்று கேட்கவில்லை.

ஜூலை 7, திங்கள்

நிரஞ்சனா நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். "என்னம்மா, சார் ஏசினது மட்டும் இருக்கு, கூட்டல் எல்லாம் போட்டு" என்று சிரித்தாள். பக்கங்கள் போகப் போகச் சிரிப்பு நின்றது. ஜூன் 21-ஐ இரண்டு தடவை படித்தாள் என்று நினைக்கிறேன். என் கையை ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டாள்.

திரும்பவும் ஐந்து நிமிடம் பேசச் சொன்னாள். என் மகன் பேக்கரியில் வேலை பார்க்கிறான், எனக்கு இன்னும் அது தெரியாது என்றேன். என் மேல் கோபமாக இருக்கிறான், அந்தக் கோபம் நியாயம்தான் என்றேன். அவன் கேரம் ஆடி நான் உட்கார்ந்து பார்த்ததே இல்லை என்றேன். அதற்குமேல் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவனைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நடந்தது. மிச்ச நேரம் நானும் இருமினேன்.

ஜூலை 12, சனி

ஒரு மணிக்கு வந்தான். செய்தித்தாளில் மடித்த பொட்டலம் ஒன்றை மேஜையில் வைத்தான். நேராக என்னைப் பார்த்தான்.

"பேக்கரிக்குத்தான் போறேன். உனக்குத் தெரியும்னு அப்பா சொன்னாவ."

"தெரியும்" என்றேன்.

"இன்னைக்கு மாஸ்டர் என்னைப் பிசைய விட்டாரு. இது நான் போட்டது. திங்கியா?"

உப்பு பிஸ்கட். ஓரம் கொஞ்சம் கூடச் சிவந்திருந்தது. மூன்று வாரத்தில் அவன் என்னிடம் பேசிய பெரிய பேச்சு இதுதான். ஒன்றை எடுத்துக் கடித்தேன். உப்பு என்றால் அப்படி ஒரு உப்பு. உப்பளத்தில் ஒரு கை அள்ளி வாயில் போட்டதுபோல் இருந்தது. அத்தானும் ஒன்றைக் கடித்துவிட்டு, மென்றது மென்றபடி உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாயை அடக்கத் தெரியாத மனுஷன், இன்றைக்கென்று வாயைத் திறக்கவில்லை.

"எப்படி இருக்கு?" என்று கேட்டான். என்னைத்தான்.

என் ராசா, இதுமாதிரி உலகத்தில் உண்டா என்று சொல்ல நாக்கு எழும்பிவிட்டது. கண்ணிலும் தண்ணீர் தயாராக நின்றது. அவன் கையைப் பார்த்தேன். விரல் இடுக்கில் மாவு காய்ந்திருந்தது. வேலை பார்த்துவிட்டு வந்திருக்கிற கை.

"உப்பு கூடிப்போச்சுல" என்றேன். "வாயில வைக்க முடியல."

அத்தான் மெல்லுவதை நிறுத்திவிட்டார். இன்பா ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்து, நிதானமாக மென்று விழுங்கினான்.

"மாஸ்டரும் அதத்தான் சொன்னாரு" என்றான். "அதான் விக்க முடியாதுன்னு பூராத்தையும் எங்கிட்டயே தந்துட்டாரு."

பிறகு சிரித்தான். அத்தான், "முட்டாப்பயல, உப்பையும் சீனியையும் மாத்திப் போட்டியோ" என்று ஆரம்பித்தார். "நீங்க பல்லு இருக்கவரைக்கும் திங்கப் பாருங்க" என்றான் இவன். நான் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். உப்புத் தாங்காமல் தண்ணீர் குடித்துக் குடித்து, மூன்று பேரும் அந்தப் பொட்டலத்தைத் தின்று முடித்தோம்.